மீட்டர் யார் பெயரில்? மைதான நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மைதான நிர்வாகக் குழுத் தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கும், இம்மைதானத்தைப் பகிர்ந்துகொள்ளும் பதினொரு கிளப்புகளின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

சென்ற மாதப் பொதுக்கூட்டத்தில் நம் கால்பந்து மைதானத்துக்கு இரவு விளக்குகள் அமைப்பதென்று ஒருமனதாகத் தீர்மானித்தீர்கள். கை உயர்த்தியவர்களில் நானும் ஒருவன். தீர்மானத்தை மாற்றச் சொல்லி இதை எழுதவில்லை. ஆனால் மறுநாளே "ஸ்டேடியம் மாதிரி நாலு மூலையிலும் நாலு கம்பம்" என்று பேச்சு தொடங்கி, ஒரே வாரத்தில் நன்கொடையாளர் பெயர்ப்பலகையை எந்தப் பக்கம் வைப்பது என்பது வரைக்கும் போய்விட்டது. விளக்கு எரியும்போது ஓடப்போகும் மீட்டருக்குப் பணம் கட்டுவது யார் என்று மட்டும் இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. அதைக் கேட்பதற்காகவே எழுதுகிறேன்.

பதினெட்டு ஆண்டுகள் இம்மைதானத்தில் இடதுபுறத் தடுப்பாட்டக்காரனாக ஆடியவன் நான். பிழைப்புக்குச் செய்வது மின்பணி ஒப்பந்தம். ஆகவே முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இந்த வேலைக்கு என் பெயரிலோ, என் உறவினர் பெயரிலோ, என்னிடம் வேலை பார்க்கும் பிள்ளைகள் பெயரிலோ விலைப்புள்ளி வராது. இதைக் கூட்டக் குறிப்பேட்டில் பதிவு செய்துகொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

விளக்கு தேவையா என்று விவாதிக்க வேண்டியதில்லை. பெங்களூரில் நவம்பர் கடைசியில் மாலை 5:50 அளவிலேயே சூரியன் மறைந்துவிடுகிறது. ஜூலைத் தொடக்கத்தில் 6:50 வரை நீடிக்கிறது, அவ்வளவுதான். நம் பிள்ளைகளில் மேட்ச் ஃபீஸ் வாங்கி ஆடுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பணத்தை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்துகிறவர் ஒருவரும் இல்லை. ஒருவர் வண்டி மெக்கானிக், இருவர் உணவு டெலிவரி, ஒருவர் மருத்துவமனையில் வார்டு பாய். ஆறு மணிக்கு வேலை முடித்து ரிச்மண்ட் சாலை நெரிசலைத் தாண்டி இங்கே வந்து ஷூ கட்டும்போது, எதிர்ப்பக்கக் கோல் கம்பம் கண்ணுக்குத் தெரிவதில்லை. 2023 மார்ச்சில் கர்நாடக அணி ரியாத் நகரில், இரவு விளக்குகளின் கீழ், மேகாலயாவை 3–2 என்று வென்று, 54 ஆண்டுகளுக்குப் பிறகு, மாநில அணிகள் மோதும் தேசியக் கால்பந்துப் போட்டியான சந்தோஷ் கோப்பையை மாநிலத்துக்குக் கொண்டுவந்தது. அப்படிப்பட்ட ஆட்டத்துக்கு ஒரு பிள்ளை தயாராக வேண்டுமென்றால், உயரமாக வரும் பந்தை விளக்கொளியில் கணிப்பதற்கு அவன் எங்கேயாவது பழகியிருக்க வேண்டும்.

கௌதமபுரத்தில் அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா சிலைகளின் வரிசையில் பெலேக்கும் சிலை வைத்தவர்கள் நம் ஆட்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலைப் போட்ட சாரங்கபாணி ராமன் மைசூர் அணிக்கு ஆடியவர். இந்தப் பெருமைகளை நன்கொடை மடலில் தாராளமாக எழுதுங்கள். மின்கட்டண ரசீதில் அவற்றுக்குக் கழிவு கிடைக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நமக்கெல்லாம் தெரிந்த ஒரு மைதானம், இங்கிருந்து இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளி இருக்கிறது. பெயர் வேண்டாம். அங்கே விளக்கு போட்டபோது திறப்பு விழாவுக்கு நானும் போயிருந்தேன். மேளம், பட்டாசு, எல்லோருக்கும் பிரியாணிப் பொட்டலம். எட்டு மாதம் எரிந்தது. பிறகு கட்டணம் பாக்கி, இணைப்புத் துண்டிப்பு. அதற்குப் பிறகு ஒருநாள் போய்ப் பார்த்தேன். பேனல் பெட்டியின் கதவு கழன்று தொங்கியது. உள்ளே இருந்த செம்புப் பட்டைகளை யாரோ அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். ஒரு கம்பத்தின் பாதி உயரத்தில் அறுந்த காற்றாடியின் வால் ஆடிக்கொண்டிருந்தது. பெயர்ப்பலகை மட்டும் பழுதில்லாமல் பளபளத்தது.

நம் மைதானத்தில் அப்படி நடக்காது என்று சொல்ல நம்மிடம் இப்போது என்ன ஏற்பாடு இருக்கிறது? ஒன்றும் இல்லை. எனவே செலவுக் கணக்கை முதலில் பார்ப்போம். அதற்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பது தெரிய வேண்டும்.

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவால் அளக்கிறார்கள். ஒரு சதுர மீட்டரில் விழும் ஒளியின் அளவு அது. பௌர்ணமி நிலவொளி ஒரு லக்ஸைக்கூட எட்டாது. விளையாட்டரங்க விளக்குகளுக்கான ஐரோப்பியத் தரநிலை, கால்பந்துக்கு மூன்று படிகள் வைத்திருக்கிறது: பயிற்சிக்கும் பொழுதுபோக்கு ஆட்டத்துக்கும் 75 லக்ஸ், உள்ளூர் லீக் போன்ற நடுத்தரப் போட்டிகளுக்கு 200, உயர்மட்டப் போட்டிகளுக்கு 500. தொலைக்காட்சி ஒளிபரப்புக்கு இவை எதுவும் போதாது, ஆனால் நம் மைதானத்துக்கு எந்த கேமராவும் வரப்போவதில்லை. மேலே சொன்ன லக்ஸ் அளவு, தரையின் பல புள்ளிகளில் எடுக்கும் சராசரி என்பதைக் கவனியுங்கள். சராசரி மட்டும் இருந்தால் போதாது. மிகக் குறைந்த வெளிச்சமுள்ள இடத்தின் அளவை அந்தச் சராசரியால் வகுத்தால் நடுப்படிக்கு 0.6-ஆவது வர வேண்டும். சீர்மை என்று இதற்குப் பெயர். என்னைக் கேட்டால், பிள்ளைகளின் எலும்பைக் காப்பாற்றுவது லக்ஸைவிட இந்தச் சீர்மைதான்.

மூன்று டிசம்பர்களுக்கு முன் இங்கே நடந்த நினைவுக் கோப்பை அரையிறுதியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வாடகை ஜெனரேட்டர், சவுக்குக் கம்புகளில் கட்டிய ஹாலஜன் விளக்குகள். இடைவேளையில் நான் லக்ஸ் மீட்டரோடு ஒரு சுற்று நடந்தேன்: நடுவட்டத்தில் 90, தெற்குக் கோலின் வலது மூலையில் 3. இரண்டாம் பாதியில் அந்த மூலையிலிருந்து அடித்த கார்னர் பந்து இருட்டுக்குள் ஏறி, வெளிச்சத்துக்குள் இறங்கியது. நம் கோல்கீப்பருக்கு அது கண்ணில் பட்டபோது முகத்திலிருந்து ஒரு முழத் தொலைவு இருந்திருக்கும். எகிறி விழுந்ததில் தோள் கம்பத்தில் மோதிக் காறை எலும்பு முறிந்தது. பத்தொன்பது வயது. அந்தச் சீசன் முழுக்க அவன் இடது கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு தொடுகோட்டருகே உட்கார்ந்திருந்தான்.

நம் ஆடுகளம் 100 மீட்டர் நீளம், 64 மீட்டர் அகலம். அதாவது 6,400 சதுர மீட்டர். ஒரு லக்ஸ் என்பது சதுர மீட்டருக்கு ஒரு லூமென் ஒளி; ஆகவே 200 லக்ஸ் வேண்டுமென்றால் தரையில் 12.8 லட்சம் லூமென் ஒளி விழ வேண்டும். விளக்கிலிருந்து புறப்படுவதில் ஏறக்குறைய பாதி களத்துக்கு வெளியே சிந்தும். தூசியும் வயதும் இன்னொரு ஐந்தில் ஒரு பங்கைத் தின்னும். ஆகவே சுமார் 32 லட்சம் லூமென் புறப்பட வேண்டும். ஒரு வாட்டுக்கு 130 லூமென் தரும் நல்ல எல்.இ.டி. விளக்கு என்றால் மொத்தம் 24, 25 கிலோவாட். ஆயிரம் வாட் விளக்கு இருபத்துநான்கு என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதே கணக்கில் 500 லக்ஸுக்கு 60 கிலோவாட்டைத் தாண்டிவிடும். கூட்டத்தில் ஒரு நண்பர் "போடுறதே போடுறோம், பெருசாப் போடுவோம்" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அந்தப் "பெருசு" ஒவ்வொரு மாலையும் இரண்டரை மடங்கு மின்சாரம் குடிக்கும்.

இப்போது செலவு. வாரத்துக்கு நான்கைந்து மாலைகள், மழை நாட்கள் போக ஆண்டுக்கு 200 மாலைகள், மாலைக்கு மூன்று மணி நேரம் என்றால் 600 மணி நேரம்; 24 கிலோவாட்டுக்கு 14,400 யூனிட். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று வைத்தால் 1.44 லட்சம். அத்தோடு, விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் அனுமதிக்கப்பட்ட சுமைக்காக மின்விநியோக நிறுவனமான பெஸ்காமுக்கு மாதாமாதம் கட்ட வேண்டிய நிலைக்கட்டணம் இருக்கிறது. கிலோவாட்டுக்கு 200 ரூபாய் என்று வைத்தால் 25 கிலோவாட்டுக்கு ஆண்டுக்கு 60,000. பக்கத்து மைதானத்தை மூழ்கடித்தது இந்த நிலைக்கட்டணம்தான் என்பது என் கணிப்பு. மழைக்காலத்தில் ஆட்டம் நின்றது, வசூல் நின்றது, ரசீது மட்டும் நிற்கவில்லை. சுத்தம், பழுது, ஆண்டுப் பரிசோதனைக்கு 80,000. பெரிய பழுதுக்கென்று தொடாமல் வைக்கும் நிதிக்கு 70,000. மொத்தம் ஏறக்குறைய மூன்றரை லட்சம். கட்டண விகிதங்களை நான் உத்தேசமாகவே வைத்திருக்கிறேன். எந்த விகிதத்தில் நமக்கு இணைப்பு தருவார்கள் என்பதைப் பெஸ்காமிடம் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு பொருளாளர் இதைத் திருத்திக்கொள்ளலாம்.

மூன்றரை லட்சத்தை 600 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 600 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வரும். இருபத்திரண்டு பேர் ஆடினால் தலைக்கு 30 ரூபாய்கூட இல்லை. இதே பிள்ளைகள் ஞாயிறு இரவுகளில் வலை கட்டிய சின்ன டர்ஃப்களில், ஒரு பெனால்டி ஏரியா அளவுள்ள இடத்துக்கு, மணிக்கு ஆயிரத்துக்கு மேல் கொடுத்து ஆடிவிட்டு வருகிறார்கள். ஆகவே கட்ட முடியாத தொகை இல்லை. வசூலிப்பதற்கு ஒரு முறை இல்லை என்பதுதான் சங்கடம். ஒவ்வொரு கிளப்பும் மாதத் தொடக்கத்தில் தனக்கு வேண்டிய மணி நேரங்களுக்கு முன்பணம் கட்ட வேண்டும். பேனல் சாவி ஒரே ஒருவரிடம் இருக்க வேண்டும். எரிந்த நேரமும் மீட்டர் எண்ணும் அன்றன்றே நோட்டில் ஏற வேண்டும். முன்பணம் தீர்ந்தால், அது தலைவருடைய கிளப்பாகவே இருந்தாலும், விளக்கு எரியக் கூடாது. கட்ட முடியாத சிறுவர் அணிகளுக்காக ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் இலவசம் என்று முன்கூட்டியே எழுதி, அந்தச் செலவை மற்றவர்களின் கட்டணத்தில் சேர்த்துவிடலாம். கணக்கில் ஏறாத சலுகைதான் ஆபத்து.

ஜெனரேட்டரே போதும் என்பவர்களுக்கு: ஒரு லிட்டர் டீசலில் மூன்று, மூன்றரை யூனிட் கிடைத்தால் பெரிய விஷயம். ஒரு மாலைக்கு 72 யூனிட் என்றால் இருபது லிட்டருக்கு மேல் டீசல். மின்கட்டணத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு, வாடகை தனி. இடையில் மின்வெட்டு வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. பழைய மெட்டல் ஹாலைடு விளக்குகள் ஒருமுறை அணைந்தால் சூடு தணிந்து மறுபடி எரிய பத்து நிமிடத்துக்கு மேல் பிடிக்கும், எல்.இ.டி. உடனே எரியும். மின்சாரம் திரும்பும்வரை பிள்ளைகள் தண்ணீர் குடிக்கட்டும்.

நம்மிடம் வந்திருக்கும் இரண்டு விலைப்புள்ளிகளையும் படித்தேன். 29 லட்சம் என்பதில் நான்கு 12 மீட்டர் கம்பங்களும் தெருவிளக்கு வகை விளக்குகளும் இருக்கின்றன. தரையின் எந்தப் புள்ளியில் எத்தனை லக்ஸ் விழும் என்று காட்டும் ஒளி வரைபடம் இல்லை. அது இல்லாத விலைப்புள்ளியை மேசையில் வைத்துப் பேசவே வேண்டாம். 68 லட்சம் என்பதில் வரைபடம் இருக்கிறது. ஆனால் நான்கு மூலைகளிலும் 30 மீட்டர் கம்பங்கள், 500 லக்ஸ். மூலைக் கம்பம் ஏன் இவ்வளவு உயரம் என்றால், களத்தின் நடுவிலிருந்து பார்க்கும்போது விளக்கு குறைந்தது 25 பாகை உயரத்தில் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் கண் கூசும். நடுப்புள்ளியிலிருந்து மூலைக் கம்பம் சுமார் 66 மீட்டர், அதனால் உயரம் 30 மீட்டருக்கு மேல் போகிறது. கம்பங்களைத் தொடுகோட்டுக்கு ஐந்து மீட்டர் வெளியே பக்கத்துக்கு மூன்றாக நட்டால், நடுக்கம்பம் 37 மீட்டர் தூரத்தில் நிற்கும்; 18 மீட்டர் உயரமே போதும். கிரேன் சிறியது, அஸ்திவாரம் சிறியது. கோல் கோட்டுக்கு நேராகவோ கோலுக்குப் பின்னாலோ கம்பம் வராதபடி தள்ளி நட்டால் கார்னர் வரும்போது கோல்கீப்பர் விளக்கைப் பார்க்க நேராது. நாலு மூலைக் கம்பத்துக்குப் புகைப்படத்தில் ஒரு கம்பீரம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆறு பக்கக் கம்பம், 200 லக்ஸ் என்று கேட்டால், இந்த இரண்டு விலைகளுக்கும் நடுவில், வரியோடு சேர்த்து 50 லட்சத்தை ஒட்டி முடியும் என்பது என் அனுபவக் கணிப்பு. அஸ்திவாரத்தையும் நிலத்தடிக் குழாய்களையும் மட்டும் நாளைக்கு விளக்கு கூட்டுவதற்கு இடம் விட்டுப் போடச் சொல்லுங்கள். மண்ணை இரண்டாம் முறை தோண்டுவதுதான் வீண்செலவு.

ஒப்பந்தக்காரர்கள் "50,000 மணி நேர ஆயுள்" என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆண்டுக்கு 600 மணி நேரம் எரிக்கும் நமக்கு அது எண்பது ஆண்டுக் கணக்கு, அர்த்தமில்லாதது. நம் ஊரில் எல்.இ.டி. சாவது வயதால் அல்ல. சித்திரை, வைகாசி இடியில் வரும் மின்னழுத்தப் பாய்ச்சல், மூடியின் வழியே இறங்கும் மழைநீர், விளக்குக்குப் போகும் மின்னோட்டத்தை ஒழுங்குபடுத்தும் டிரைவர் பெட்டிக்குள் குடியேறும் எறும்பு ஆகியவைதான் அதைக் கொல்கின்றன. ஆகவே உத்தரவாதம் விளக்குக்கு மட்டும் போதாது, டிரைவருக்கும் வேண்டும். ஒவ்வொரு கம்பத்திலும் பாய்ச்சல் தடுப்பானும், இடிதாங்கியும், தனி எர்த்திங்கும் வேண்டும். காற்று விஷயத்தில் இந்தியத் தரநிலை பெங்களூருக்கு வகுத்திருக்கும் அடிப்படை வேகம் விநாடிக்கு 33 மீட்டர், அதாவது மணிக்கு 119 கிலோமீட்டர். அந்த வேகத்துக்குக் கம்பமும் அஸ்திவாரமும் தாங்கும் என்று கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்திட்ட கணக்கு இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூட முடுக்கவிடாதீர்கள். அந்தக் கம்பங்களுக்குக் கீழேதான் நம் குழந்தைகள் உட்காருவார்கள்.

கிழக்குச் சந்தில் இருக்கும் வீடுகளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அவற்றின் மாடி ஜன்னல்கள் தொடுகோட்டிலிருந்து இருபது அடிகூட இல்லை. நாம் முதலில் அந்த வீடுகளுக்குப் போய், விளக்கின் முகம் தரையை நோக்கியே இருக்கும், பின்பக்கம் மறைப்புத் தகடு வரும், ஒன்பதரைக்குமேல் எரியாது என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவது நல்லது. அவர்கள் போய்ப் புகார் கொடுத்தபின் நாம் போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். அந்தப் பக்கத்துத் தூங்குமூஞ்சி மரத்தின் கிளையை நம் இஷ்டத்துக்கு வெட்டவும் முடியாது. 1976-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டப்படி மர அதிகாரியின் அனுமதி வேண்டும். கம்பத்தை நாலு மீட்டர் தள்ளி நட்டால் மரமும் பிழைக்கும், மனுவும் மிச்சம். மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்தபின் எந்த மேசைக்கு எந்த மனு என்பதே இன்னும் பலருக்குக் குழப்பமாக இருக்கிறது; நிலத்தின் மீதான எழுத்துமூல அனுமதி கைக்கு வரும்வரை முன்பணம் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

முதலீட்டுக்கு வழி இருக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி நிதி ஆண்டுக்கு 5 கோடி. பொது நிலத்தில் விளையாட்டு வசதிக்கு அதில் கேட்கலாம். 2013 கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சியும் இருப்பதால் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியையும் அணுகலாம். அதற்கு நம் சங்கம் முறைப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும், தணிக்கைக் கணக்கு நேராக இருக்க வேண்டும். ஆனால் தொகுதி நிதி கம்பத்தைத்தான் தரும். அன்றாடச் செலவுக்கு அதில் இடமில்லை. நிறுவனங்களும் திறப்பு விழாவுக்கு வருவார்கள், எட்டாவது மாத ரசீதுக்கு வரமாட்டார்கள்.

என் தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் இறங்கியவர். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து புறப்பட்ட மின்சாரம் பெங்களூருக்கு வராமல் முதலில் அங்கேதான் போனது. இந்த நகரத்தின் தெருக்களில் விளக்கு எரிந்தது 1905-இல். பெங்களூரைத் தாண்டிக் கம்பி அங்கே போனதற்குக் காரணம், சுரங்கக் கம்பெனிக்காரர்கள் மின்சாரத்துக்குப் பணம் கட்டுவதாக ஒப்பந்தம் எழுதிக்கொடுத்திருந்தார்கள்.

ஆகவே நான் கேட்பது இது. அடுத்த கூட்டத்தில் விலைப்புள்ளிகளைத் திறக்கும் முன், பதினொரு கிளப்புகளும் ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் எடுத்துக்கொள்ளும் என்பதை எழுத்தில் கொடுக்கட்டும்; முதலாண்டுச் செலவில் பாதியைத் தனி வங்கிக் கணக்கில் முன்கூட்டியே போடட்டும். அந்தக் கணக்கில் தலைவர், பொருளாளர், கிளப்புகளின் சார்பில் ஒருவர் என மூவர் கையெழுத்து இருக்கட்டும். கூட்டிப் பார்த்து 600 மணி நேரம் தேறாவிட்டால், பயிற்சிக்கு மட்டும் போதுமான 75 லக்ஸில் தொடங்குவோம். அதற்கும் கணக்கு மேலே சொன்ன மாதிரிதான்.

வரும் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அளவுநாடாவோடும் லக்ஸ் மீட்டரோடும் மைதானத்தில் இருப்பேன். ஆறு கம்பங்கள் வரவேண்டிய இடங்களில் சுண்ணாம்பால் அடையாளம் போட்டு வைக்கிறேன். கிழக்குச் சந்துக்காரர்களையும் அழைத்திருக்கிறேன். செயலாளர் அவர்கள் வரும்போது மைதானத்தின் பழைய மின்ரசீது ஒன்றைக் கொண்டுவந்தால், இப்போதுள்ள தண்ணீர் மோட்டார் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் அன்றே பார்த்துவிடலாம். நான் விசாரித்தவரையில், காலமான முன்னாள் செயலாளர் ஒருவரின் பெயரிலேயே அது இன்னும் இருக்கிறது.

இங்ஙனம்,
தங்கள் மைதானத்தின் பழைய ஆட்டக்காரன்,
ஆஸ்டின் டவுன், பெங்களூர்